‘இருக்கா, இல்லையா?’: ஒரு சின்னக் கேள்வியின் வரலாறு



போன வாரம் இரவு பதினோரு மணிக்கு ஒரு போன் வந்தது. முப்பது வருடங்களுக்கு முன்பு என்னிடம் படித்தவர், இப்போது பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் நல்ல பொறுப்பில் இருக்கிறார். “சார், தூங்கிட்டீங்களா?” என்று ஆரம்பித்தார். அந்த நேரத்தில் போன் வந்தால் எந்த வாத்தியாருக்கும் வயிற்றைக் கலக்கும். விஷயம் அதுவல்ல. “டேட்டாபேஸ் ஃபைல் இருக்கான்னு செக் பண்ணிட்டுதான் சார் அடுத்த வேலை செய்யற மாதிரி மேக்ரோ எழுதியிருக்கேன். இல்லேன்னா மட்டும்தான் புதுசா உருவாக்கணும். ஆனா இன்னிக்குப் பார்த்தா ஃபைல் காலியா இருக்கு. பழைய கணக்கெல்லாம் போச்சு. நீங்க அப்பவே இதைப் பத்தி ஏதோ சொன்னீங்களே, அது என்ன சார்?”

அப்போது நான் சொன்னது ஒரு புள்ளியைப் பற்றி. அதைத்தான் இன்று எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள். கணினி பக்கமே போகாத என் அத்தை, சித்தப்பா வகையறாக்களுக்கும் புரியும்படி எழுத முயல்கிறேன்.

மேக்ரோ என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. நாம் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யும் கட்டளைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, “இதன்படி நீயே செய்துகொள்” என்று கணினியிடம் கொடுத்துவிடுவதுதான். பக்கத்தில் ஆள் இல்லாமல் வேலை நடக்கும் என்பதால், நாம் கண்ணால் பார்த்து முடிவு செய்வதையெல்லாம் அதற்குக் கேள்வியாக எழுதித் தர வேண்டும். அதில் முதல் கேள்வி, ‘ஃபைல் இருக்கிறதா?’ என்பது.

ஆரம்ப காலத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லை. 1984-85-இல் ‘கிளாஸ்’ திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. அந்தக் கணினியில் பாட்டுக் கேட்கும் கேசட்டிலேயே புரோகிராமைச் சேமிக்கலாம். பெயரைச் சொல்லிக் கேட்டால் திரையில் ‘சர்ச்சிங்’ என்று வரும். டேப் ஓடிக்கொண்டே இருக்கும். இருந்தால் கிடைக்கும். இல்லை என்று தெரிந்துகொள்ள டேப் முடியும்வரை காத்திருக்க வேண்டும். தேடுகிறது என்பதை மட்டும் சொல்லும். இல்லை என்று ஒருநாளும் சொல்லாது.

அடுத்து, டிஸ்க்கில் வேலை செய்த ஜிடபிள்யூ பேசிக். அதிலும் ‘இருக்கிறதா’ என்று கேட்கத் தனிக் கட்டளை கிடையாது. படிப்பதற்காக ஃபைலைத் திறந்து பார்ப்போம். இல்லாவிட்டால் 53-ஆம் எண் பிழை வரும், ‘ஃபைல் நாட் ஃபவுண்ட்’. அந்தப் பிழை வந்தால் எங்கே போவது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்போம். கதவைத் தட்டிப் பார்ப்பது மாதிரி. இந்த முறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

கேள்வியை நேரடியாகக் கேட்க எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது டிபேஸ். உங்களில் பலர் அந்தப் பெயரைக் கேட்டாலே தேர்வு அறைக்குப் போய்விடுவீர்கள்! அதன் கதை சுவையானது.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தின் பாசடீனாவில் ஜெட் புரபல்ஷன் லேபரட்டரி இருக்கிறது. 1976-இல் வைக்கிங் விண்கலம் செவ்வாயில் இறங்கியபோது அந்தக் குழுவில் வேலை பார்த்தவர் வேய்ன் ராட்லிஃப். 1978-இல் அலுவலக நண்பர்களோடு கால்பந்துப் போட்டி முடிவுகளை ஊகிக்கும் பந்தயத்தில் சேர்ந்தார். ஆட்ட விவரங்களைச் சேர்த்து வைத்துப் பார்க்க ஒரு கருவி தேவைப்பட்டது. அவருடைய அலுவலகத்தின் பெரிய யுனிவாக் கணினியில் ஜேபிஎல்டிஐஎஸ் என்று ஒரு தகவல் மேலாண்மை மென்பொருள் இருந்தது. அதை உருவாக்கியவர்களில் ஜெப் லாங் என்பவரும் ஒருவர். அதை மாதிரியாக வைத்துத் தன் வீட்டுச் சின்னக் கணினிக்கு ஒன்றை எழுதினார் ராட்லிஃப். ‘வல்கன்’ என்று பெயர் வைத்தார். ‘ஸ்டார் டிரெக்’ தொடரில் வரும் ஸ்பாக்கின் இனப்பெயர் அது.

பிறகு ஜார்ஜ் டேட் என்ற வியாபாரி அதை விற்க முன்வந்தார். பெயர் ‘டிபேஸ் டூ’ என்று மாறியது. ‘டிபேஸ் ஒன்’ எங்கே என்று கேட்காதீர்கள், அப்படி ஒன்று வந்ததே இல்லை. இரண்டாம் பதிப்பு என்றால் முதலில் இருந்த கோளாறுகளையெல்லாம் சரிசெய்திருப்பார்கள் என்று வாங்குபவர் நம்புவார் அல்லவா? நிறுவனத்தின் பெயர் ஆஷ்டன்-டேட். டேட் இருந்தார். ஆஷ்டன் என்று யாரும் இல்லை. பெயர் இருப்பதாலேயே ஆளும் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது என்பதற்கு அந்த நிறுவனமே சாட்சி.

1984-இல் டிபேஸ் த்ரீ வந்தது. அடுத்து டிபேஸ் த்ரீ பிளஸ். நம் ஊர்க் கணினி மையங்களில் எல்லாம் நுழைந்தது அதுதான். அதே கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் ஃபாக்ஸ்பேஸ் என்ற போட்டி மென்பொருளும் வந்தது. 1988-இல் ஆஷ்டன்-டேட் அவர்கள் மீது வழக்குப் போட்டது. 1990 டிசம்பரில் நீதிபதி ஒரு குண்டைப் போட்டார். டிபேஸ் பொதுச்சொத்தான ஜேபிஎல்டிஐஎஸ்ஸிலிருந்து வந்தது, பதிப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது அதை மறைத்திருக்கிறீர்கள், ஆகவே உரிமை செல்லாது என்றார். சில மாதங்களில் அந்தத் தீர்ப்பை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். 1991-இல் ஆஷ்டன்-டேட்டையே போர்லாண்ட் வாங்கிவிட்டது. அடுத்த ஆண்டு ஃபாக்ஸை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. ராஜாக்கள் மாறினார்கள். நாங்கள் எழுதிய புரோகிராம்கள் மட்டும் பெரும்பாலும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தன.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். டிபேஸில் ‘ஃபைல்’ என்று ஒரு சார்பு உண்டு. அடைப்புக்குறிக்குள் ஒரு பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயரில் ஃபைல் இருந்தால் ‘டி’, இல்லாவிட்டால் ‘எஃப்’ என்று பதில் தரும். ஒரே வரியில் வேலை முடிந்தது. டாஸ் கட்டளைக் கோப்புகளிலும் 1983-இலிருந்தே ‘இஃப் எக்ஸிஸ்ட்’ என்று இதே கேள்வியைக் கேட்க முடிந்தது. எங்களுக்கெல்லாம் பெரிய நிம்மதி. ஆனால் அந்த ஒரு வரிக்குள் ஒரு பள்ளம் இருந்தது. அதில் நான் விழுந்தேன்.

டிபேஸில் ‘மேக்ரோ’ என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒரு மாறியின் முன்னால் ‘அண்ட்’ குறியைப் போட்டால், அந்த இடத்தில் மாறிக்குள் இருக்கும் சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும். பத்து வகுப்புக்குப் பத்து மதிப்பெண் ஃபைல் என்றால் பத்து புரோகிராம் எழுத வேண்டாம். ‘எம்ஃபைல்’ என்று ஒரு மாறி போதும். அதில் ‘மார்க்12’ என்று வைத்தால் பன்னிரண்டாம் வகுப்பு, ‘மார்க்11’ என்று வைத்தால் பதினொன்றாம் வகுப்பு.

மாறியின் பெயர் எங்கே முடிகிறது என்று கணினிக்கு எப்படித் தெரியும்? அதற்கு ஒரு புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளி எல்லைக்கல் மாதிரி. வேலை முடிந்ததும் மறைந்துவிடும். ‘டிபிஎஃப்’ என்ற ஃபைல் வகைப் பெயருக்கு முன்னால் வேண்டிய புள்ளி தனி. ஆக, இரண்டு புள்ளி வைக்க வேண்டும். ‘அண்ட்-எம்ஃபைல்-புள்ளி-புள்ளி-டிபிஎஃப்’. ஒரு புள்ளி மட்டும் வைத்தால் ‘மார்க்12.டிபிஎஃப்’ என்று தேடாது. ‘மார்க்12டிபிஎஃப்’ என்று ஒட்டிப் போட்டுத் தேடும். அப்படி ஒரு ஃபைல் உலகத்திலேயே இருக்காது. பதில் எப்போதும் ‘எஃப்’.

1991 டிசம்பர், அரையாண்டுத் தேர்வு. பள்ளிக்கு மதிப்பெண் புரோகிராம் எழுதியது நான். ஃபைல் இல்லாவிட்டால் மட்டும், காலிப் படிவத்திலிருந்து ‘காப்பி ஸ்ட்ரக்சர்’ கட்டளையால் புதிய ஃபைல் உருவாக்கச் சொல்லியிருந்தேன். ஏற்கெனவே அந்தப் பெயரில் ஃபைல் இருந்தால் ‘மேலே எழுதவா?’ என்று டிபேஸ் கேட்கும். அந்தக் கேள்வி தொல்லையாக இருந்ததால் ‘செட் சேஃப்டி ஆஃப்’ என்று அதன் வாயை அடைத்திருந்தேன். அந்தக் காலத்தில் எல்லோரும் புரோகிராமின் முதல் சில வரிகளில் செய்த காரியம்தான் அது. நான்தான் முறையாகச் சோதித்துவிட்டு உருவாக்குகிறேனே, அப்புறம் எதற்குக் கேள்வி என்று எண்ணம்.

முதல் நாள் ஓட்டினேன். ஃபைல் இல்லை, உருவானது. சரி. நாள் முழுக்க உட்கார்ந்து மதிப்பெண் ஏற்றினோம். மாலையில் கணினியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை புரோகிராமை மறுபடி ஓட்டினேன். ஒரு புள்ளி குறைந்த அந்த வரி, இருந்த ஃபைலை இல்லை என்றது. அடுத்த வரி காலிப் படிவத்தை அதன் தலையில் எழுதியது. ஒரு கேள்வி இல்லை, ஒரு எச்சரிக்கை இல்லை. பட்டியலில் ஒரு மாணவர்கூட இல்லை.

புள்ளியைக் கண்டுபிடிக்க மதியம் ஆகிவிட்டது. ஆசிரியர் அறையில் புலம்பிக்கொண்டிருந்தபோது எங்கள் தமிழய்யா சிரித்தார். “ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், ஓலை கிழிந்துவிடும் என்று. அதைப் பதிப்பித்தவர்கள் பட்ட பாடு உங்களுக்கு இன்றைக்குத்தான் புரிகிறது” என்றார்.

எழுத்துத் தேர்வு மதிப்பெண்கள் தாளில் இருந்தன. இதைப் படிக்கும் நாலைந்து பேருக்கு நினைவிருக்கும், மாலையில் நின்று எனக்காக மறுபடி வாசித்துக் காட்டினீர்கள். ஆனால் கணினிச் செய்முறை மதிப்பெண்ணை நான் தாளில் எழுதவில்லை. கணினி ஆசிரியருக்குத் தாள் எதற்கு என்ற திமிர். வேறு வழியில்லாமல் சனிக்கிழமை அன்று எல்லோரையும் வரச்சொல்லி மறுபடி செய்முறைத் தேர்வு வைத்தேன். வந்தவர்கள் 41 பேர். வகுப்பில் இருந்தவர்கள் 42 பேர்.

அந்த ஒருவர் பாட்டி இறந்து ஊருக்குப் போயிருந்தார். அவருக்கு மதிப்பெண் ஏற்றப்படவில்லை. அட்டை அச்சடிக்கும் புரோகிராமும் என்னுடையதுதான். மதிப்பெண்ணைத் தேடி, கிடைக்காவிட்டால் ‘வரவில்லை’ என்று அச்சடிக்கும்படி எழுதியிருந்தேன். அட்டைகள் கட்டாகப் போயின. நான் ஒவ்வொன்றாகப் பார்க்கவில்லை. அவர் அப்பா தறி ஓட்டுபவர். மகன் தேர்வுக்குப் போகாமல் சினிமாவுக்குப் போயிருக்கிறான் என்று நினைத்துவிட்டார். “நான் எழுதினேம்ப்பா” என்று பையன் சொன்னது எடுபடவில்லை. கம்ப்யூட்டரே சொல்லியிருக்கிறதே!

கையில் தழும்போடு அவர் வகுப்புக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். அட்டையில் பேனாவால் திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்த அப்பா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. காபி கொடுத்து அனுப்பினார். அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

நான் செய்த பிழை வெறும் புள்ளிப் பிழை அல்ல என்பது பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. ‘எனக்குக் கிடைக்கவில்லை’ என்று கணினி சொன்னதை ‘இல்லை’ என்று நான் மொழிபெயர்த்தேன். ஃபைல் விஷயத்திலும் அதைத்தான் செய்தேன், பையன் விஷயத்திலும் அதைத்தான் செய்தேன். இரண்டும் ஒன்றல்ல. ‘நீ சொன்ன பெயரில், நான் பார்த்த இடத்தில், பார்த்த நேரத்தில் என் கண்ணில் படவில்லை’ என்பது மட்டுமே அது உண்மையில் சொன்னது.

பின்னாட்களில் வந்த கருவிகளிலும் இதே கதைதான். 1992-இல் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ், 1993-இல் எக்செல்லுக்குள் விபிஏ மொழி வந்தன. அதில் ‘டிர்’ என்ற சார்பிடம் ஃபைலின் பெயரைக் கொடுத்தால், இருந்தால் அந்தப் பெயரையே திருப்பித் தரும், இல்லாவிட்டால் வெற்றுச் சொல்லைத் தரும். ஆனால் மறைத்து வைக்கப்பட்ட ஃபைல் என்றால், அதையும் சேர்த்துப் பார் என்று தனியாகச் சொல்லாவிட்டால் கண்டுகொள்ளாது. ஃபைல் பெயருக்குப் பதிலாக ஃபோல்டரின் பெயரைச் சாய்கோட்டோடு கொடுத்துவிட்டால், உள்ளே இருக்கும் முதல் ஃபைலின் பெயரைத் தந்து ‘இருக்கிறது’ என்று நம்மை நம்ப வைக்கும். டாட்நெட்டில் உள்ள சோதனையோ, பார்க்க நமக்கு அனுமதி இல்லாத ஃபைலையும் ‘இல்லை’ என்றே சொல்லும்.

‘இருக்கிறது’ என்ற பதிலையும் முழுதாக நம்பக் கூடாது. டிபிஎஃப் ஃபைலின் தலைப்பகுதியில் எத்தனை பதிவுகள் என்ற எண்ணிக்கை இருக்கும். ஃபைலை மூடும் முன்பு கரண்ட் போய்விட்டால் அந்த எண்ணிக்கை பழையபடியே நின்றுவிடும். ஃபைல் இருக்கும், கடைசியாக ஏற்றிய பெயர்கள் கணக்கில் வராது. நம் ஊர் மின்வெட்டுக் காலத்தில் இதை அனுபவித்தவர்கள் நிறைய.

இன்னொரு சிக்கல் நேரம். கேட்பதற்கும் செய்வதற்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது. நெட்வொர்க்கில் இரண்டு பேர் ஒரே நொடியில் ‘இருக்கா?’ என்று கேட்டால் இருவருக்கும் ‘இல்லை’ என்று பதில் வரும். இருவரும் உருவாக்குவார்கள். ஒருவர் வேலை போய்விடும். 1996-இல் மேட் பிஷப், மைக்கேல் டில்கர் என்ற இருவர், யூனிக்ஸ் புரோகிராம்களில் இந்த இடைவெளியைத் தேடிப் பிடிப்பது பற்றியே ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். திருடர்களும் இந்த இடைவெளி வழியாகத்தான் நுழைகிறார்கள்.

இதற்குத் தீர்வு நமக்குப் பழக்கமானதுதான். பேருந்து நிலையத்தில் ஜன்னல் வழியாக இடம் காலி என்று பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு படியேறிப் போனால் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். விவரம் தெரிந்தவர் பார்த்த கையோடு துண்டைப் போட்டுவிடுவார். கணினியிலும் அப்படி ஒரு துண்டு உண்டு. ‘ஏற்கெனவே இல்லாவிட்டால் மட்டும் உருவாக்கு, இருந்தால் தோற்றுப்போ’ என்று ஒரே மூச்சில் கட்டளையிட யூனிக்ஸில் வழி இருக்கிறது. படிப்பதாக இருந்தால், கேட்டுக்கொண்டு நிற்காமல் நேரே திற, இல்லாவிட்டால் வரும் பிழையைக் கையாள் என்கிறார்கள். நம் பழைய ஜிடபிள்யூ பேசிக்கின் 53-ஆம் எண் பிழை ஞாபகம் வருகிறதா? கதவைத் தட்டிப் பார்க்கும் முறைதான். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்துவிட்டோம்.

இன்று உங்கள் ஒவ்வொருவர் கைப்பேசிக்குள்ளும் எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ் இருக்கிறது. 2000-இல் ரிச்சர்ட் ஹிப் என்பவர் வெளியிட்டது. அதில் இல்லாத ஃபைலைத் திறக்கச் சொன்னால், வழக்கமான முறையில் அது பிழை சொல்லாது. புதிதாக ஒன்றை உருவாக்கத் தயாராகிவிடும். பெயரில் ஒரு எழுத்து தவறினால் காலி டேட்டாபேஸ்தான் கிடைக்கும். ‘இருந்தால் மட்டும் திற’ என்று நாம்தான் தனியாகச் சொல்ல வேண்டும். 1991-இல் நான் வெட்டிய பள்ளம் இன்னும் மூடப்படவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பெங்களூர்க்காரர் கதைக்கு வருகிறேன். “ஃபைல் பெயரை முழு முகவரியோடு கொடுத்திருக்கீங்களா, வெறும் பெயர் மட்டுமா?” என்று கேட்டேன். வெறும் பெயர்தான். இதுவரை அவரே கையால் ஓட்டிக்கொண்டிருந்தாராம். அன்று முதல் தடவையாக, இரவில் தானே ஓடும்படி நேரம் குறித்து வைத்திருக்கிறார். அப்படி ஓடும்போது அது வேறு ஃபோல்டரில் நின்றுகொண்டு தேடும். அங்கே இல்லை என்றதும் அங்கேயே காலி ஃபைல் ஒன்றை உருவாக்கிவிட்டது. “பழைய ஃபோல்டரில் போய்ப் பாருங்க தம்பி” என்றேன். சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, “இருக்கு சார்! அப்படியே இருக்கு சார்!” என்று அவர் கத்திய சத்தத்தில் என் வீட்டம்மா எழுந்துவிட்டார்.

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பெயரைக் கேட்கும்போது முழு முகவரியோடு, வகைப் பெயரோடு, புள்ளிகளை எண்ணிக் கேளுங்கள். ‘இருக்கிறது’ என்று பதில் வந்தால் உள்ளே எத்தனை பதிவுகள் என்றும் பாருங்கள். ‘இல்லை’ என்று பதில் வந்தால் உடனே புதிதாக ஒன்றை உருவாக்காதீர்கள். நேற்றுவரை இருந்தது இன்று எப்படி இல்லாமல் போகும் என்று நின்று, ஒரு மனிதரைக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘கிடைக்கவில்லை’ என்பதை ‘வரவில்லை’ என்று அச்சடிக்காதீர்கள். இன்று ரேஷன் அட்டை, ஓய்வூதியம், வாக்காளர் பட்டியல் என்று எல்லாமே கணினிக்குள் இருக்கின்றன. உங்களில் பலர் அந்தத் துறைகளுக்கெல்லாம் புரோகிராம் எழுதுகிறீர்கள். ‘பெயர் இல்லை’ என்று திரை காட்டும்போது அந்தப் பக்கம் நிற்பவர் நிஜமாகவே நின்றுகொண்டிருக்கிறார். அவரைப் பார்த்துவிட்டு மறுபடி ஒருமுறை தேடச் சொல்லுங்கள்.

அந்த 42-ஆவது மாணவர் இந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று நினைக்கிறேன். போன பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பியிருந்தார். பெயரைச் சொல்லப் போவதில்லை. தம்பி, அட்டையில் திருத்தினேனே தவிர உன்னிடம் நான் முறையாக மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். நீ அன்று தேர்வுக்கு வந்திருந்தாய். ஜன்னல் ஓரம் இரண்டாவது கணினியில் உட்கார்ந்திருந்தாய். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

எல்லோரும் நலமாக இருங்கள். இரவு பதினோரு மணிக்குப் போன் செய்வதாக இருந்தால், ‘பயப்படாதீங்க சார்’ என்று சொல்லிவிட்டுப் பேச ஆரம்பியுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்